கிருஷ்ணனின் கேமராவும் முப்பத்தெட்டு மீட்டரும்

மூன்று மாதம் ஒரு லென்ஸ் என் ஆன்லைன் கூடையில் கிடந்தது. கேனன் ஆர்எஃப் 100-500. கூடவே ஒரு பாடி, ஆர்7. நான் பார்த்த அன்றைய விலைக்கு இரண்டும் சேர்ந்து நாலு லட்சத்தை ஒட்டி வந்தது. ராத்திரி ஆபீஸ் வேலையெல்லாம் முடித்து, லேப்டாப்பை மூடுவதற்கு முன்னால் ஒருதடவை அந்தக் கூடையைத் திறந்து பார்ப்பேன். 24 மாத இ.எம்.ஐ. எவ்வளவு, 18 மாதத்துக்கு எவ்வளவு என்று தட்டிப் பார்ப்பேன். பிறகு மூடிவிட்டுத் தூங்கிவிடுவேன். சிலபேர் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுப் படுப்பதில்லையா, அந்த மாதிரி.

என்னிடம் இருப்பது கேனன் 700டி. முதல் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, 2014-ல் வாங்கியது. அதோடு 55-250 லென்ஸ். ரப்பர் பிடி ஒருபக்கம் பிரிந்து, ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறேன். பத்து வருஷமாக வேலை செய்கிறது. அதனால் அதன்மேல் புகார் சொல்லவும் முடியவில்லை.

ஊர் கீழச்சிவல்பட்டி. இளையாற்றங்குடிக்கு அடுத்த ஊர் என்றால் நகரத்தார் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்களுக்குத் திருப்பத்தூர், காரைக்குடி என்று வட்டம் போட்டுக் காட்டவேண்டும். எங்கள் வீடு செட்டிநாட்டு அரண்மனை வீடு ஒன்றும் இல்லை, அப்பா வாத்தியார். ஆனால் பழைய நாட்டு ஓட்டு வீடு. போன ஐப்பசி மழையில் கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. அம்மா குண்டான், வாளி, பழைய குக்கர் பாத்திரம் என்று மூன்றையும் வைத்துவிட்டு எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். "சத்தம் கேக்குதா? நல்லா தாளம் போடுது பாரு." ஓட்டைப் பிரித்து, சட்டம் மாற்றி, மறுபடி அடுக்கக் கொத்தனார் சொன்ன கணக்கு இரண்டு லட்சத்துக்குக் கிட்டே. ஆக, கூடையில் கிடந்தது லென்ஸ் மட்டும் இல்லை, கூரையும்தான்.

நான் படமெடுக்கப் போகும் இடம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து டூவீலரில் முக்கால் மணி நேரம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். 1977-ல் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் வந்து தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடுகட்டும். தீபாவளிக்கு இந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. வருஷாவருஷம் பேப்பரில் இது ஒரு செய்தியாக வரும், வனத்துறைக்காரர்கள் இனிப்பு கொடுக்கும் படத்தோடு. சின்ன வயதில் எனக்கு அது ஒரு விசித்திரமாகத்தான் பட்டது. வெடி இல்லாத தீபாவளி என்ன தீபாவளி? அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஸ்கூலில் என் பக்கத்து பெஞ்ச். தீபாவளி முடிந்து வரும்போது கையில் மருந்து வாசம் இருக்காது அவனுக்கு.

இப்போது நடந்ததைச் சொல்லவேண்டும்.

போன மார்கழியில் ஒருநாள் காலை. கண்மாயில் தண்ணீர் குறைவு. கரையிலிருந்து கிட்டத்தட்ட அறுபது மீட்டர் தள்ளி ஒரு கருவேல மரத்தில் நத்தைகுத்தி நாரைக் கூடு. 250 மி.மீ. லென்ஸில் பறவை சின்னப் பொம்மை மாதிரி தெரிந்தது. கரையை விட்டு இறங்கினேன். சேறு காய்ந்து கால் வைக்கத் தோதாக இருந்தது. குனிந்து, நின்று, மறுபடி குனிந்து, இருபது மீட்டருக்கும் கிட்டே போயிருப்பேன். நாரை எழுந்தது. அது எழுந்த வேகத்தில் பக்கத்துக் கிளைகளில் இருந்த நாலைந்தும் எழுந்தன. பறக்கிற படம் கிடைக்கிறதே என்று நான் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் ஒரு காக்கா கூட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அது போகும்போது அலகில் முட்டை இருந்தது. அதுவும் என் மெமரி கார்டில் இருக்கிறது. 14 படம்.

கரையில் ஒரு பெரியவர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே ஏறி வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. ஏறினதும், "தம்பி, படம் எடுக்க வந்தீகளா, பறவைய வெரட்ட வந்தீகளா?" என்றார். நான் ஏதோ மழுப்பினேன். "எங்க ஊருப் புள்ளைக தீவாளிக்கு ஒரு ஓலவெடி வெடிக்காதுக. நீங்க படிச்சவுக, ஒரு சத்தமும் போடாம வந்து முட்டையக் காக்காய்க்குக் குடுத்துட்டுப் போறீக." அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. தழைக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரிதான் அந்த லென்ஸைக் கூடையில் போட்டேன். என் தர்க்கம் சுத்தமாக இருந்தது: கிட்டே போனதுதான் தப்பு, கிட்டே போகவேண்டி வந்ததற்குக் காரணம் லென்ஸ் குட்டை, ஆகவே நீளமான லென்ஸ் வாங்குவது ஒரு தர்ம காரியம். குற்றவுணர்ச்சியை இ.எம்.ஐ.யாக மாற்றிக் கட்டிவிடலாம் என்கிற இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே கொஞ்சம் சந்தேகத்தையும் கிளப்பியது.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று வாசிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

வனவிலங்குப் புகைப்படத்தின் வரலாற்றை ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டுமென்றால் தூரத்தின் வரலாறு என்பேன். ஆரம்ப காலத்துக் கேமராவால் தூரத்திலிருந்து எடுக்க முடியாது. ஆகவே ஏமாற்றிக் கிட்டே போனார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்துக் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத்தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே கூடாக ஒரு பொய்மாடு செய்து, அதற்குள் குனிந்து நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் இரவில் படகில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ஏரிக்கரை மான்களை நோக்கிப் போனார். வெளிச்சத்தைப் பார்த்து மான் மயங்கி நிற்கும். வேட்டைக்காரர்களின் பழைய தந்திரம் அது, துப்பாக்கிக்குப் பதில் கேமரா. 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டது. பத்திரிகை படப்புத்தகமாகிவிட்டதே என்று நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயர் 1937-ல் ஆந்தைக் கூட்டுக்குக் கிட்டே போய் ஒரு கண்ணை இழந்தார். தாய் ஆந்தை இரவில் பாய்ந்து கீறிவிட்டது. பிறகும் அவர் பல பத்தாண்டுகள் பறவைகளைத்தான் படமெடுத்தார். கொள்ளுகுடிப்பட்டியில் எனக்குக் கிடைத்தது நாலு வார்த்தைதான். ஆந்தையாக இருந்தால் தெரிந்திருக்கும்.

நம் பக்கம் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. புலியைச் சுடுவதில் ஈடுபாடு இல்லாத வன அதிகாரி என்பதே அந்தக் காலத்தில் ஓர் அபூர்வப் பிராணி. காட்டுப்பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, அதைக் கேமராவோடும் ஃபிளாஷோடும் இணைத்துவிட்டு வந்துவிடுவார். இரவில் புலி நடந்து வந்து கம்பியில் கால் பட்டால் பளிச்சென்று வெடிக்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு இரவுக்கு ஒரு ஃபிளாஷ், ஒரு தகடு. வருவது புலியா காட்டுப்பன்றியா என்பதும் அதிர்ஷ்டம். 1925-ல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸில் அந்தப் புலிப் படங்கள் வந்தன. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகமாகவும் வந்தது. என் 700டி ஒரு நொடிக்கு 5 படம் எடுக்கும், ஆர்7 மெக்கானிக்கல் ஷட்டரிலேயே 15 எடுக்கும். சாம்பியனுக்கு ஒரு இரவுக்கு ஒன்று.

ஆனால் நான் அதிக நேரம் தங்கியது மா. கிருஷ்ணனிடம்.

அவரை நான் முதலில் தமிழில்தான் வாசித்தேன். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' சென்னைப் புத்தகக் கண்காட்சியில் கையில் கிடைத்தது. யார் இவர், இவ்வளவு சுத்தமான தமிழில் காக்காவைப் பற்றியும் கீரியைப் பற்றியும் எழுதுகிறார் என்று ஆச்சரியப்பட்டுப் பின்னட்டையைப் பார்த்தால், அ. மாதவையாவின் மகன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதின மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி, 1912-ல் பிறந்தவர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் பாடமாக்க வேண்டும் என்று பேசும்போதே மாதவையா உயிர் பிரிந்தது. கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. பிறகு பிரசிடென்சி கல்லூரியில் தாவரவியல் படித்தார். 1940-களில் பெல்லாரிக்குப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று பலதும் பார்த்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு கரைந்தது. சென்னைக்குத் திரும்பியவர் அதன்பிறகு கடைசிவரை மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்து, படம், இரண்டும்தான் சோறு. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996 பிப்ரவரி 18-ல் அவர் இறக்கும்வரை 46 வருஷம் நிற்காமல் வந்தது. தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். அதன் தலைப்பில் ஒரு செட்டியாரும் அவருடைய காதலும் வருகிறார்கள் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர்மேல் கொஞ்சம் உரிமையும் உண்டு.

அவருடைய கேமராதான் என் கதைக்கு வேண்டியது. அது எந்தக் கடையிலும் கிடைக்காத கேமரா. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் வேறுவேறு இடத்திலிருந்து. எல்லாவற்றையும் அவரே பொருத்தியிருந்தார். பெரிய நெகட்டிவ், பெரிய எடை. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பாண்டரஸ் என்றால் ஆங்கிலத்தில் தூக்கமாட்டாத கனம். பெயரிலேயே தன் கேமராவைத் தானே கிண்டல் செய்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டுதான் முதுமலையிலும் பெரியாறிலும் காட்டு யானைகளுக்குப் பின்னால் நடந்தார். சில சமயம் நடக்காமல், பழக்கின யானையின் முதுகில் உட்கார்ந்து எடுத்தார். யானைமேல் இருக்கும் மனிதனைக் காட்டெருமையும் காட்டு யானையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கியர்ட்டன் சகோதரர்கள் மாடு தைத்தார்கள், இவருக்கு நிஜ யானையே கிடைத்தது. வண்ணப்படம் எடுக்கவே மாட்டார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். 1968-ல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப்பை வைத்து நாடு முழுக்கச் சுற்றி, 1959 முதல் 1970 வரையான இந்திய வனவிலங்குகளின் நிலை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் வெளியிட்டது. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2006-ல், அவருடைய படங்களும் எழுத்தும் சேர்ந்து 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய புத்தகமாக வந்தது. அதில் யானைக் கூட்டப் படங்களைப் பாருங்கள். தோல் சுருக்கம் தெரியும், சேறு காய்ந்த இடமும் காயாத இடமும் தெரியும். எல்லாவற்றையும்விட, யானைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது தெரியும்.

இதுவரைக்கும் வாசித்தபோது நான் எடுத்த முதல் முடிவு எளிமையானது. பாரு, அவர் ஒட்டுப்போட்ட கேமராவில் சாதித்தார், உனக்கு எதற்கு நாலு லட்சம்? போட்டோகிராபர்கள் குழுக்களில் இந்த வசனம் தினம் ஒருதடவை வரும், பெரும்பாலும் ஏற்கெனவே விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவர் சொல்வார். கூடையை அன்றே காலி செய்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டேன். அந்த முடிவு தப்பு என்று பட்டது.

ஏனென்றால் கிருஷ்ணன் கருவியை அலட்சியம் செய்தவர் கிடையாது. அலட்சியம் செய்பவன் கையில் கிடைத்த பெட்டிக் கேமராவில் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பான். ஒரு உடலோடு இன்னொரு லென்ஸைப் பொருத்துவது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று யோசித்துப் பாருங்கள். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் கொஞ்சம் பிசகினாலும் தொலைவில் உள்ளது ஃபோகஸ் ஆகாது. வெளிச்சம் கசியாமல் அடைக்கவேண்டும். இதையெல்லாம் ஒருவர் கையால் செய்கிறார் என்றால் அவருக்குக் கருவிப் பைத்தியம் என்னைவிட அதிகம். வித்தியாசம் ஒன்றுதான்: அவருக்குத் தன் பிரச்சினை என்னவென்று அளவோடு தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துச் சந்தையும் ஒரு காரணம். 1957-க்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டு லென்ஸ் என்பது லைசென்ஸ், கோட்டா, தெரிந்தவர் கப்பலில் கொண்டுவருவது என்ற வகையறா. ஃபிலிமுக்கே பஞ்சம். அதனால்தான் 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967-ல் உற்பத்திக்கு வந்தது, நிலவு என்று பொருள்படும் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பாவின் காலேஜ் படங்கள் அந்த ஃபிலிமாகத்தான் இருக்கும் என்று அவர் சொல்வார். நீலகிரிக் குளிரில், தூசி குறைந்த காற்றில், இருட்டறைக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் ஃபிலிம் பூசிய அந்த ஆலையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் உண்டு, அவர் எங்கள் பக்கத்துக்காரரே. கோட்டையூர் ஏ.கே. செட்டியார். படமெடுக்கக் கற்றுக்கொள்ள 1930-களில் தோக்கியோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனவர். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றி, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் வெளியிட்டார். அவர் தேடி அலைந்ததில் பெரும்பகுதி மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்ட காட்சிகள். கேமராக்காரர் ஒருவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இருக்கும் படங்களைத் தேடிப் போனார் என்பது எனக்கு இன்னும் விநோதமாகவே இருக்கிறது. வனவிலங்குக்கு அது உதவாது. ஆனாலும் என் ஹார்ட் டிஸ்கில் ஒருதடவைகூடத் திறந்து பார்க்காத பதினோராயிரம் படங்களை நினைத்தால் கொஞ்சம் உறுத்தும்.

சரி, என் பிரச்சினை என்ன? இன்ஜினியரிங் படித்ததற்கு ஒரு பயனாவது வேண்டுமே என்று காகிதத்தை எடுத்தேன்.

நத்தைகுத்தி நாரை நின்றால் உயரம் சுமார் 70 செ.மீ. மரம் 60 மீட்டர் தள்ளி. 250 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 2.9 மி.மீ. உயரத்துக்கு விழவைக்கும். 700டி-யின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். ஆகப் பறவை 680 பிக்சல் உயரம். அதே மரம், அதே தூரம், ஆர்7-உம் 500 மி.மீ.யும்: சென்சாரில் 5.8 மி.மீ., பிக்சல் 3.2 மைக்ரான், பறவை 1820 பிக்சல். கிட்டத்தட்ட 2.7 மடங்கு. இதே அளவைப் பழைய லென்ஸில் பெறவேண்டுமானால் நான் 22 மீட்டருக்குப் போகவேண்டும். அன்று காலை நான் போய் நின்ற இடம் அதைவிடக் கொஞ்சம் கிட்டே. அறுபதிலிருந்து இருபத்திரண்டு போனால் முப்பத்தெட்டு. நாலு லட்சம் கொடுத்து நான் வாங்கப்போவது முப்பத்தெட்டு மீட்டர். மீட்டர் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். கீழச்சிவல்பட்டியில் மனைகூட அந்தக் கணக்கில் யோசிக்கலாம்.

இப்படி எழுதிப் பார்த்ததும் இரண்டு விஷயம் புலப்பட்டது.

ஒன்று, அந்த முப்பத்தெட்டு மீட்டரை நான் பறவைக்குக் கொடுப்பேனா என்பது. வேட்டங்குடியிலும் வேடந்தாங்கலிலும் நான் பார்த்தவரைக்கும், மிகக் கிட்டே போய் நிற்பவர்கள் 600 மி.மீ. வைத்திருப்பவர்கள்தான். 60 மீட்டரில் முழுப்பறவை கிடைத்தால், 40-க்குப் போனால் தலை மட்டும் கிடைக்குமே, 20-க்குப் போனால் கண்ணில் தெரியும் பிம்பம் கிடைக்குமே என்று கால் தானாக நகரும். எங்கள் தொழிலில் இது பழகிய கதை. சர்வருக்கு ரேம் கூட்டினால் கோடு கொழுத்து அதையும் தின்றுவிடும். நிலக்கரி சிக்கனமாக எரியும் எஞ்சின் வந்தபிறகு நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று ஜெவன்ஸ் 1865-லேயே எழுதிவிட்டார். லென்ஸ் தூரத்தைத் தரும், நான் அதைச் செலவழித்துவிடுவேன். அன்று மார்கழிக் காலையில் 600 மி.மீ. கையில் இருந்திருந்தால் கரையிலேயே நின்றிருப்பேனா? மனசாட்சியோடு 'ஆமாம்' என்று சொல்ல வரவில்லை.

வேடந்தாங்கல் என்றதும் ஒன்று. அங்கே ஊர்க்காரர்கள் கேட்டு, செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தது 1790-களில். அந்த மக்களுக்குப் பறவை வேண்டியிருந்தது, ஏனென்றால் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். டெலிஃபோட்டோ லென்ஸ் என்ற பொருள் உலகில் வருவதற்கு நூறு வருஷம் முன்னால் அந்த ஊர் பறவைக்கும் மனிதனுக்கும் இடையே தூரத்தை வகுத்துவிட்டது. கொள்ளுகுடிப்பட்டிப் பெரியவர் எனக்குச் சொன்னதும் அந்த வகைத் தூரம்தான். அதற்கு மி.மீ. கிடையாது.

இரண்டாவது விஷயம் அசட்டுத்தனமானது. கணக்கில் ஆர்7-க்குப் பதில் என் பழைய 700டி-யையே போட்டு, 500-க்குப் பதில் 600 மி.மீ. போட்டால் என்ன வரும்? சென்சாரில் 7 மி.மீ., பிக்சல் 4.3, பறவை 1630 பிக்சல். 1820-க்கும் 1630-க்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பகல் பத்து மணிக்குக் கண்மாய்த் தண்ணீர்மேல் கானல் எழுந்தால் இரண்டுமே கலங்கித்தான் தெரியும். டாம்ரான் 150-600-இன் முதல் பதிப்பு 2013 கடைசியில் அறிவிக்கப்பட்டது. பத்து வருஷப் பழசு. கைமாறி விற்பனைக்குக் கிடைக்கிறது. மூன்று மாதம் கூடையைத் திறந்து மூடியவன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கவில்லை.

இழப்பும் உண்டு, மறைக்கக்கூடாது. புதிய பாடி பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும். என் 700டி-க்கு 9 ஃபோகஸ் புள்ளிதான், பறக்கும் நாரையைத் துரத்தினால் பாதி படம் வானத்தை ஃபோகஸ் செய்திருக்கும். கண்ணாடி மேலே அடிக்கும் 'டக்' சத்தம் இருக்கும், மிரர்லெஸ்ஸில் அதுவும் இல்லாமல் எடுக்கலாம். டாம்ரானின் 600 முனையில் எஃப் 6.3, நன்றாகக் கூர்மையாக வேண்டுமானால் எஃப் 8. விடியற்காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 1600-க்குப் போகும்போது 700டி-யில் குருணை தெரியும். கிருஷ்ணனுக்கும் குருணை இருந்தது, ஆனால் அவர் நெகட்டிவ் பெரியது. எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பாண்டரோசா என்று பெயர் வைக்கத் தகுந்த எடைதான்.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் நினைவுக்கு வருகிறார். கிருஷ்ணனுக்கு அடுத்த தலைமுறை, 2017-ல் இறந்தார். இரவுப் பறவைகளையும் விலங்குகளையும் ஃபிளாஷ் வைத்து எடுத்த படங்களுக்குப் பேர்போனவர். அவர் தலைமுறைக்குக் கூட்டுக்குப் பக்கத்தில் மறைப்புக் கட்டிப் படமெடுப்பதுதான் பள்ளிக்கூடம். இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. என்னுடைய அந்த 14 படங்களை, காக்கா அலகில் முட்டை இருக்கும் அந்த வரிசையை, ஒரு நண்பன் பார்த்துவிட்டு "மச்சி செம மொமென்ட், அனுப்புடா" என்றான். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஆடி மாதம் திருச்சியில் ஒருவரிடம் டாம்ரானைக் கைமாற்றாக வாங்கினேன், 48,000 ரூபாய். கூடையைக் காலி செய்தேன். ஆவணியில் கூரை வேலை தொடங்கியது. ஓட்டைப் பிரித்தபோது உள்ளே இரண்டு அணில் கூடும் ஒரு பழைய சிட்டுக்குருவிக் கூடும் இருந்தன. கொத்தனார் அவற்றை அப்படியே எடுத்துத் திண்ணையில் வைத்தார். அம்மாவிடம் லென்ஸைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கனமா? இதத் தூக்கிட்டுப் போயி நாரையத்தான எடுக்கப் போற, தூக்கணுமா?" என்றாள். பிறகு, "எம்புட்டு?" ஒரு பத்தாயிரம் குறைத்துச் சொன்னேன். அதை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தை மாதம் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போனேன். இந்த முறை கண்மாயில் நல்ல தண்ணீர், இறங்கவேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. கரையில் டிரைபாடை விரித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பெரியவர் ஆட்டோடு வந்தார். என்னை ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. "பாக்குறீகளா ஐயா?" என்று வ்யூஃபைண்டரைக் காட்டினேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒற்றைக் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு குஞ்சு" என்றார். நான் பார்த்தபோது ஒன்றுதான் தெரிந்திருந்தது. மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டுதான்.

"அங்கிட்டு எதுக்கு உக்காந்துருக்கீக, வெயிலு மூஞ்சிக்கு நேரா வருது" என்றார். "இங்கிட்டு வாங்க, இந்தப் புளிய மரத்தடிக்கு. சூரியன் முதுகுப் பக்கம் வந்துரும்."

டிரைபாடைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். புளிய மரம் இன்னும் பதினைந்து மீட்டராவது பின்னால் இருந்தது.